மூன்று தளத்துக்கும் ஒரே குளிர்

கோடை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்த வீட்டில் சண்டையும் தொடங்கிவிட்டது.

தெருவை ஒட்டி ஒல்லியாக உயர்ந்து நின்ற மூன்று தள வீடு அது. கீழ்த்தளத்தில் சின்னியின் நாத்தனார் இருந்தாள். அவளுடைய கட்டிலும் தையல் மெஷினும் ஒரே அறையில். நடுத்தளத்தில் சமையலறையும் கூடமும். மேலே, கூரைக்கு நேர் கீழே, சின்னியும் அவள் கணவனும் ஓர் அறையில், பத்து வயது மகள் இன்னோர் அறையில். நாத்தனாரும் அவள் தம்பியான சின்னியின் கணவனும் சேர்ந்து வாங்கிய வீடு. சின்னி கல்யாணமாகி வந்தவள். ஆள் குள்ளம் என்பதால் முதல் நாளே நாத்தனார் வைத்த பெயர்தான் சின்னி. பிறகு சின்னியின் அம்மாவே அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்து, பஸ் டிரைவர் வேலையில் உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் தனக்கென்று ஒரு நல்ல கட்டில் வாங்கினாள்.

வீடு முழுவதற்கும் ஒரே ஏ.சி. சுவருக்குள் ஓடிய குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் காற்று வரும். எவ்வளவு குளிர வேண்டும் என்று சொல்வதற்கு நடுத்தளத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. வீட்டில் அதற்கு டப்பா என்று பெயர். டப்பா இருந்த இடம் எப்போதும் சுகமாக இருந்ததால் அது தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த காற்றெல்லாம் படிக்கட்டில் இறங்கிக் கீழே தேங்கும். சூடெல்லாம் மேலே ஏறிக் கூரைக்கடியில் உட்கார்ந்துகொள்ளும். மகள் முதுகெல்லாம் வேர்க்குரு வந்து இரவெல்லாம் சொறிந்தாள். கீழே தையலக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைத்தாள்.

சின்னி காலையில் டப்பாவில் எண்ணைக் குறைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஏ.சி. அணைந்திருக்கும்.

"அண்ணி, நீங்க அணைச்சீங்களா?"

"ஆமா. விரல் மரத்துப் போச்சு. ஊசில நூல் கோக்க முடியல."

"மேல போய்ப் பாருங்க. பிள்ளை வெந்துட்டிருக்கா."

"கீழ வந்து பாரு. நான் உறைஞ்சுட்டிருக்கேன்."

முதலில் இதெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தது. டிரைவரான கணவன் நடுத்தளத்து சோபாவில் படுக்கப் போய்விட்டான். "நான் எந்தப் பக்கமும் இல்லப்பா, எல்லையில காவல் நிக்கிறேன்" என்றான். ஆனால் டிரைவர் காவலுக்கு நிற்பதெல்லாம் தூங்கத்தான். யார் வந்து டப்பாவைத் திருகினாலும் அவனுக்குத் தெரியாது. சில நாட்களில் சின்னி படியில் இறங்கும்போது தையலக்கா டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, தண்ணீர் குடிக்க வந்ததுபோல் சமையலறைக்குள் போவார்கள்.

சின்னி வேலை பார்த்தது ஒரு பெரிய மரச்சாமான் கடையின் குறைதீர் பிரிவில். நாள் முழுக்க ஃபோனில் புகார் கேட்பதுதான் வேலை. மெத்தை கல்லாக இருக்கிறது, அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது, சாப்பாட்டு மேசை ஆடுகிறது. வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது: மெத்தை சரியில்லை என்று மூன்றாவது தடவை ஃபோன் செய்கிறவருக்கு மெத்தையில் பிரச்சினை இல்லை. வேறு எங்கோ வலிக்கிறது, மெத்தைமேல் காட்டுகிறார். அந்தக் கணக்கிலேயே அவள் நாத்தனாரையும் பார்த்தாள். இது குளிர் இல்லை, அதிகாரம். டப்பா யார் கையில் இருக்கிறதோ அவள்தான் வீட்டுக்காரி. அண்ணிக்கு அது கைவிட்டுப் போவது பிடிக்கவில்லை.

ஒருநாள் மதியம் கடை கேன்டீனில் தோழியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மெக்கானிக்கை வரவழைச்சு எல்லா மாடியையும் ஒரே மாதிரி ஆக்கிடு. அப்புறம் அவங்களுக்குச் சாக்கு இருக்காதுல்ல" என்றாள் தோழி. சின்னிக்கு அது சரியாகப் பட்டது.

மெக்கானிக் வாயாடி. ஏணியைக் கொண்டுவந்து படிக்கட்டில் இடித்ததிலிருந்து கிளம்புகிறவரை பேசிக்கொண்டே இருந்தார். கீழ்த்தளத்துக்குப் போகும் குழாயில் இருந்த தடுப்புத் தகட்டைப் பாதி மூடினார். மேலே போகிற குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். சூடான காற்றை உறிஞ்சி இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்ப மேல்தளத்துக் கூரையோரம் புதிதாக ஒரு வாய் வெட்டினார். கூரைக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பஞ்சு விரித்தார். குளிர் கீழே வழியாமல் இருக்கப் படிக்கட்டின் உச்சியில் தடித்த திரை ஒன்று மாட்டச் சொன்னார். ஏ.சி. நின்றாலும் காற்றாடி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

"காத்தைத் தேங்க விடக்கூடாதும்மா. கிளறிக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

சின்னி மூன்று வெப்பமானி வாங்கி வந்து தளத்துக்கு ஒன்றாக மாட்டினாள். வெயில் நன்றாக ஏறிய பிறகு மேலும் கீழுமாக ஓடிப் பார்த்தாள். மேலே இருபத்தைந்து. நடுவில் இருபத்தைந்து. கீழே அதைவிட அரை டிகிரி அதிகம். அவளால் நம்ப முடியவில்லை. அன்று மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கினாள். டிரைவர் சோபாவிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு மேலே வந்தான்.

"சமாதானம் வந்துடுச்சா?" என்றான்.

"வந்துடுச்சு."

வரவில்லை. மறுநாளும் தையலக்கா ஸ்வெட்டரோடுதான் தைத்தாள். காலில் உறை. அதற்கடுத்த வாரம் கட்டிலில் இரண்டாவது போர்வை வந்தது. டப்பா மறுபடி அணைந்தது. மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஒரு குத்தமும் இல்லம்மா. இதுக்கு மேல சமமா வேணும்னா வீட்டைப் படுக்கப் போட்டுத்தான் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். சின்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு சிலவும் நடந்துகொண்டிருந்தன. தையலக்கா ஒரு பள்ளிச் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கியவர் திரும்பக் கொண்டுவந்து காட்டியபோது அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அத்தை குரல் அங்கிள் குரல் மாதிரி ஆயிடுச்சு" என்றாள் மகள். தையலக்காவின் முகம் உப்பியிருந்தது. "உக்கார்ந்த இடத்துலயே குண்டாயிட்டு வர்றக்கா" என்று தம்பி கிண்டல் செய்தான். அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் படியேறிப் போயிருந்தான். யாராவது எதையாவது கேட்டால் அவளிடமிருந்து பதில் வரச் சற்று நேரம் பிடித்தது. கோபத்தில் வேண்டுமென்றே காக்கவைக்கிறாள் என்றே சின்னி நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வெயில் உச்சத்தில் இருந்தபோது ஏ.சி. மறுபடி நின்றது. மேலே மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னி படிக்கட்டுத் திரையை விலக்கி, மேல்தளத்து வெப்பமானியையும் நடுத்தளத்து வெப்பமானியையும் கையோடு கழற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். மெஷின் மேசையில் இரண்டையும் வைத்தாள். சுவரில் இருந்த மூன்றாவதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"பாருங்க அண்ணி. மூணும் ஏறக்குறைய ஒண்ணு. உங்க ரூம் எங்க ரூமைவிடச் சூடு. எங்க குளிருது, சொல்லுங்க."

தையலக்கா மூன்றையும் பார்த்தாள். "எனக்குக் குளிருது" என்றாள்.

"குளிர் ரூம்ல இல்ல. உங்க மனசுல இருக்கு. நான் இந்த வீட்ல நிம்மதியா இருந்தா உங்களுக்குப் பொறுக்காது. உங்களுக்குன்னு ஒரு குடும்பம் இல்லைன்னு, தம்பி குடும்பத்தைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க. நடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

சொல்லி முடித்துவிட்டுச் சின்னி அங்கேயே நின்றாள். எதிரே இருந்தவள் கத்துவாள், அழுவாள், தம்பியைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள். தையலக்கா மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"அப்ப மெஷினை எங்க வைக்கிறது?" என்றாள்.

பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. குத்தலாகக் கேட்கிறாள் என்று சின்னிக்குப் பட்டது. தான் கொண்டுவந்த இரண்டு வெப்பமானிகளையும் பொறுக்கிக்கொண்டு விடுவிடுவென்று படியேறினாள்.

அதன்பிறகு டப்பாவை யாரும் தொடவில்லை. மூன்று தளத்திலும் ஒரே குளிர் நின்றது. சின்னி ஜெயித்துவிட்டாள். ஆனால் சாப்பிட உட்காரும்போது கீழேயிருந்து இருமல் கேட்டால் மட்டும் சோறு இறங்காது. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்று நினைப்பாள். அவங்களே வரட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் தையலக்கா டீ குடிக்க மேலே வரவில்லை. டிரைவர் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் இறங்கி வந்து கெஞ்சணும்னு எதிர்பார்க்கிறாள் என்று சின்னி டீயை மூடி வைத்தாள். துணி துவைத்தாள். மகளுக்குத் தலை வாரிவிட்டாள். டீ ஆடை கட்டியது. மதியம் ஆனபோது தெருக்கதவை யாரோ தட்டினார்கள். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பெண். வெகுநேரம் தட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, அக்கா வீட்ல இல்லையா? ஜன்னல் வழியா பாத்தா படுத்திருக்க மாதிரி இருக்கு, கூப்பிட்டா அசையல!"

சின்னி படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். தையலக்கா போர்வைகளுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டு உலுக்கியதும் கண் திறந்தது. ஆனால் யாரைப் பார்க்கிறது என்று தெரியவில்லை. கையைப் பிடித்தாள். ஈரத்துணியைப் பிடித்ததுபோல் இருந்தது. கன்னம், கழுத்து, போர்வைக்குள் வயிறு, எல்லாம் அப்படியே. மெஷின் மேசையில் கிடந்த வெப்பமானி இருபத்தைந்து காட்டியது. வெளியே தார்ச்சாலை உருகிக்கொண்டிருந்தது.

"அண்ணி! அண்ணி, என்னைப் பாருங்க!"

"தூக்கம் வருது" என்றாள் தையலக்கா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

துணி வாங்க வந்த பெண்தான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள். சின்னி தையலக்காவின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர் சூடு பார்க்கும் கருவியை அவள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று இன்னொரு தடவை வைத்தார். பிறகு தகடுபோல் மின்னிய ஒரு போர்வையை எடுத்துச் சுற்றினார்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். டிரைவர் யூனிஃபார்மோடு ஓடிவந்தான். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இருவரும் ஒரு பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் டாக்டர் வந்தாள்.

"கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட வேலையே செய்யல. ரொம்ப நாளா மெல்ல மெல்லக் குறைஞ்சிருக்கு. இப்ப நெஞ்சுல சளி வேற கட்டியிருக்கு. உடம்பால சமாளிக்க முடியல, சூடு இறங்கிடுச்சு. கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கஷ்டம்." தாள் ஒன்றைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "குளிருதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றாள் சின்னி.

"எப்ப இருந்து?"

"கோடை ஆரம்பத்துல இருந்து. அதுக்கு முன்னாடியும் இருக்கும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

சின்னி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏ.சி.யைச் சரி பண்ணோம்" என்றாள்.

டாக்டர் அதையும் தாளில் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "இந்த நோய்ல புத்தி மந்தமாகும், பேச்சு இழுக்கும், முகம் வீங்கும். வீட்ல இருக்கறவங்களுக்கு வயசாகுது, கோபமா இருக்காங்கன்னுதான் தோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது ஆறுதலுக்குச் சொன்னதா, குற்றம் சொன்னதா என்று சின்னிக்கு விளங்கவில்லை.

டிரைவர் அப்போதுதான் வாய் திறந்தான்.

"நீ மனசைப் போட்டு அலட்டிக்காத. நீ வெளியில இருந்து வந்தவ. உனக்குத் தெரியாம இருக்கலாம். எனக்கு அவ அக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

தன்னையே நொந்துகொண்டுதான் சொன்னான். ஆனால் பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட பிறகு 'வெளியிலிருந்து வந்தவள்' என்பது சின்னியின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. தான் கீழே போய் என்ன பேசினோம் என்பதை அவனிடம் சொல்ல இதுதான் சமயம். சொல்லவில்லை.

தையலக்கா பிழைத்துக்கொண்டாள். ஊசி வழியாகவும் பிறகு மாத்திரையாகவும் மருந்து போனது. முதலில் கை சூடானது. பிறகு முகத்தின் வீக்கம் வடிந்து, மறந்தே போயிருந்த பழைய தாடையெலும்பு தெரிந்தது. சின்னி விடுமுறை போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். தலை சீவிவிட்டாள், கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். நர்ஸ்கள் "தங்கச்சியா?" என்று கேட்டார்கள். தையலக்கா "இல்ல, என் தம்பி பொண்டாட்டி" என்பாள், சாதாரணமாகத்தான் சொல்வாள். வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் படியேற மூச்சு வாங்கியது. இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அது திரும்பக் காலம் எடுக்கும், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சின்னி அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசினதுக்கு என்னை மன்னிச்சுடுங்க."

"என்னிக்கு?"

"அந்த ஞாயித்துக்கிழமை. மூணு வெப்பமானியையும் கொண்டுவந்து மேசைல வச்சேனே."

தையலக்கா யோசித்தாள். இப்போது அவள் யோசிப்பது பழையபடி சுறுசுறுப்பாக இருந்தது, புருவம் நெரிந்தது. "எனக்கு அந்த ரெண்டு மாசமே மூட்டமா இருக்கு சின்னி. சட்டைக்குக் கையை மாத்தித் தைச்சது ஞாபகம் இருக்கு. நீ வந்தது ஞாபகம் இல்ல. விடு."

விட்டிருக்கலாம். அந்த இடத்தில் எழுந்து போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சின்னியால் முடியவில்லை. நடிக்கிறீர்கள் என்றதைச் சொன்னாள். தம்பி குடும்பத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்றதையும் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை டீயை மூடி வைத்துவிட்டுத் துணி துவைத்ததைச் சொன்னாள். வரிசையாக, ஒன்றையும் குறைக்காமல், அழுதுகொண்டே சொன்னாள்.

தையலக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தொங்கிட்டிருக்கேன்னா சொன்ன?"

"ஆமா அண்ணி."

"சரி. மேல போ."

விஷயம் டிரைவருக்கும் தெரிந்தது, சின்னியே சொன்னாள். அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். முதலில் கோபம் வந்தது அவள் பேசிய பேச்சுக்கு இல்லை.

"மறந்துபோனதை எதுக்குடி ஞாபகப்படுத்தின? அவளே விடுன்னு சொன்னாள்ல?"

"அவங்க மறந்துட்டாங்க. நான் மறக்கலையே. அதை வச்சுக்கிட்டு தினமும் நான் எப்படி அவங்க முகத்தைப் பாக்கறது?"

"உன் மனசு லேசாகறதுக்கு அவ தலைல இறக்கி வச்சுட்ட."

சின்னியால் மறுக்க முடியவில்லை. ஆனால் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. கணவன் முதுகைக் காட்டிப் படுத்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "நானும்தான் குண்டாயிட்டன்னு கிண்டல் பண்ணேன். படியேறிப் போயிட்டேன். நின்னு ஒரு நிமிஷம் மூஞ்சியைப் பாக்கல."

தையலக்கா கிட்டத்தட்ட ஒரு மாதம் சின்னியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டையும் இல்லை. கேட்டால் பதில் வரும், சட்டென்று வரும், அவ்வளவுதான். தன் துணியைத் தானே துவைத்தாள். மூச்சு வாங்கினாலும் படியேறி வந்து, தன் தட்டில் தானே போட்டுக்கொண்டு, தம்பியோடும் குழந்தையோடும் பேசிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். ஏன் வேண்டாமென்று விட்டாள் என்று யாருக்கும் தெரியாது. "வெளிச்சம் பத்தல" என்று தம்பியிடம் சொன்னாளாம்.

மழை வருவதுபோல் இருந்த ஒரு பகலில் சின்னி வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கீழ்த்தளத்துக் கதவு திறந்திருந்தது. தையலக்கா தரையில் பெரிய துணி ஒன்றை விரித்து, முழங்காலிட்டு, சாக்பீஸால் கோடு போட முயன்றுகொண்டிருந்தாள். காற்றில் துணியின் முனை மடங்கி மடங்கி வந்தது. சின்னி வாசலில் நின்றாள். போகவா, நிற்கவா என்று தெரியவில்லை.

"அங்க நின்னு வேடிக்கை பாக்காத" என்றாள் தையலக்கா, தலையைத் தூக்காமலே. "வந்து அந்த ஓரத்தைப் பிடி."

சின்னி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பிடித்தாள்.

"இழுத்துப் பிடி. இவ்வளவு லூசா பிடிச்சா நான் எப்படி வெட்டறது?"

சின்னி இழுத்துப் பிடித்தாள். கத்தரி அவளை நோக்கி நேராக வெட்டிக்கொண்டு வந்தது.